நோயாளி விழித்திருக்கிறார்

சுடர்விழிக்கு மயக்கவியல் மேற்படிப்பில் இடம் கிடைத்தபோது, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்திலிருந்த அவளுடைய ஊரில் அது என்ன படிப்பு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்பா அரசப்பன் உளுந்து வயலில் நின்றபடியே கேட்டார்.

"ஊசி போட்டுத் தூங்க வைக்கிறதுக்குன்னு ஒரு தனி டாக்டராம்மா?"

"தூங்க வைக்கிறது சுலபம்பா. அவங்க மூச்சைக் காப்பாத்தித் திரும்ப எழுப்பணும். அதுக்குத்தான் டாக்டர்."

"அப்ப சரி" என்று அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அம்மா ராமாயிக்கு மட்டும் குறை. மகள் பிரசவ டாக்டராக வந்தால் ஊர்ப் பெண்களெல்லாம் தேடி வருவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். மயக்க டாக்டரை யார் தேடி வருவார்கள்?

அம்மா நினைத்ததில் தப்பில்லை. வெண்ணாற்றங்கரையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சுடர்விழி வேலைக்குச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியும், அவளைத் தேடி ஒருவரும் வந்ததில்லை. உடம்பு தேறி வீட்டுக்குப் போகிறவர்கள் அறுவை செய்தவரைத் தேடிப்போய் வாழைத்தாரும் இனிப்பும் கொடுத்துவிட்டுப் போவார்கள். தங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது யார் என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. தலைமாடுதான் அவளுக்குப் பிடித்த இடம். மற்றவர்கள் எல்லாரும் வயிற்றையும் காலையும் பார்த்துக்கொண்டிருக்க, முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் ஒருத்திதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் எதற்கும் முகம் சுளிக்கிறவள் அல்ல. சம்பா பொய்த்த வருடங்களில் பூச்சி மருந்து குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாந்தியும் மருந்து நெடியும் கலந்து அறையே நாறும். பக்கத்தில் நிற்பவர்கள் துணியால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த வாய்க்கு நேரே குனிந்து, தொண்டைக்குள் குழாயை இறக்கி மூச்சு கொடுப்பது மயக்க டாக்டரின் வேலை. சீழ், மலம், அழுகிய கால் எல்லாம் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சோறு தின்பாள். கணவன் பரிதி பள்ளிக்கூட ஆசிரியன். "உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கேலி செய்வான்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் குமட்டிக்கொண்டு வந்தது. அது நாற்றத்தால் வந்ததல்ல.

அந்த வருடம் மயக்கவியல் துறைக்கு நாற்பது ஆண்டு நிறைந்தது. துறைத்தலைவி டாக்டர் சஃபியா நாகூர்க்காரர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். விழா மலருக்குத் துறையின் வரலாற்றை எழுதும் பொறுப்பைச் சுடர்விழியிடம் கொடுத்தார். சுடர்விழி அதற்காகவே ஓய்வுபெற்ற டாக்டர் பஞ்சநதத்தைத் தஞ்சாவூரில் அவர் வீட்டில் போய்ப் பார்த்தாள். இந்த மருத்துவமனை சின்ன ஆஸ்பத்திரியாக இருந்த காலத்திலேயே இங்கே மயக்க மருந்து கொடுத்தவர் அவர்.

"ஈதர் ஆவிதான் அப்ப மயக்கத்துக்கு. நோயாளி பாதி தூங்கினா நாங்க பாதி தூங்குவோம்" என்று சிரித்தார் அவர். "தீப்பிடிச்சுக்கும்னு பயம். மானிட்டரா, ஒண்ணா? கையைப் பிடிச்சா ஆபரேஷன் முடியிற வரைக்கும் நாடியை விடக் கூடாது. முதுகு ஊசி போட்ட கேஸ்னா காதுகிட்டக் குனிஞ்சு பேசிக்கிட்டே இருப்பேன். என்ன நெல்லு போட்டிருக்கீங்க, மாடு எத்தனை, இப்படி. அவங்க பேச்சு குழறினா எனக்குத் தெரிஞ்சிடும்."

சுடர்விழி எல்லாவற்றையும் எழுதினாள். ஒற்றை டாக்டரும் ஒரு பழைய இயந்திரமுமாக இருந்தது துறையாக வளர்ந்தது, மேற்படிப்பு மாணவர்கள் வந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவு தொடங்கியது, பாம்பு கடித்தவர்களுக்கு மூச்சுக் கருவி வைத்துப் பிழைக்க வைத்தது, வலியில்லாப் பிரசவம், புற்றுநோய்க்காரர்களுக்கான வலி நிவாரணப் பிரிவு, கொரோனா காலத்தில் துறையில் இருந்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போகாமல் கிடந்தது எல்லாம் அதில் இருந்தன. பஞ்சநதம் காதோடு பேசிய கதையையும் சேர்த்தாள். எழுதி முடித்தபோது, நாமும் நல்ல இடத்தில்தான் இருக்கிறோம் என்று அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பூவம்மாள் வந்தது அந்தச் சமயத்தில்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து ஊர். குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்யும் குடும்பம். பூவம்மாளுக்குக் கர்ப்பப்பை இறங்கிப் பல வருடமாகிவிட்டது. கடைசிப் பிள்ளையைப் பெற்ற கையோடு நடவுக்கு இறங்கியதிலிருந்தே தொந்தரவு. துணியைக் கோவணம்போல் இறுக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் குனிந்து நட்டிருக்கிறாள். புருஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டு துடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அறுவைக்கு முந்தின நாள் சுடர்விழி வார்டுக்குப் போய் அவளைப் பரிசோதித்தாள்.

"முழுசா மயங்கிடுவேனாம்மா?" என்று கேட்டாள் பூவம்மாள்.

"இல்லைங்கம்மா. முதுகுல ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழ மரத்துப்போயிடும். வலி தெரியாது. ஆனா முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பீங்க. நான் உங்க தலைமாட்டுலயே இருப்பேன்."

பூவம்மாள் கட்டில் கம்பியைத் தடவியபடி இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நெறைய பேரு பாப்பாங்களாம்மா?"

"டாக்டருங்க மட்டும்தாங்கம்மா. பயப்படாதீங்க."

மறுநாள் காலை. முதுகில் ஊசி போட்டாயிற்று. கால்கள் இரண்டையும் தூக்கி உயரத்தில் கட்டினார்கள். பூவம்மாளின் நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அவளுடைய முகமும் சுடர்விழியும். அந்தப் பக்கம் மற்ற எல்லாரும்.

டாக்டர் கலைமகள் உள்ளே வந்தார். மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவில் அவருக்குப் பெரிய பெயர். நாகப்பட்டினத்திலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் பெண்கள் அவர் கையைத் தேடி வருவார்கள். அந்தக் கையைப் பற்றிச் சுடர்விழிக்கும் மரியாதைதான். வீணாக ஒரு சொட்டு ரத்தம் சிந்தாத கை. ஆனால் வாய் வேறு. பிரசவ அறையில் அவர் பேசும் பேச்சைத் தாதியர்கள் கேட்டும் கேட்காததுபோல் இருந்து பழகிவிட்டார்கள். சுடர்விழிக்குப் பெரும்பாலும் வேறு தியேட்டரில் வேலை. பேச்சு காதில் விழுந்திருக்கிறது, நேரில் பார்த்ததில்லை.

அவர் பின்னால் மாணவர்கள் கும்பலாக வந்து பூவம்மாளின் கால்மாட்டில் நின்றார்கள். சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது.

"எந்த ஊரு கேஸ் இது?" என்று கேட்டார் கலைமகள்.

"திருக்காட்டுப்பள்ளி மேடம்."

"அதான! கல்லணைக்குப் பக்கம். ஷட்டரைத் தூக்கிவிட்ட மாதிரியில்ல தொங்குது. நல்லாப் பாத்துக்கங்கப்பா, இப்படி ஒரு மதகு புஸ்தகத்துல கிடைக்காது."

மாணவர்கள் சிரித்தார்கள். ஆணும் பெண்ணுமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குஷியான கலைமகள் மேலும் சொன்னார்.

"என்னா நாத்தம்! இத்தனை வருஷம் இதைத் தூக்கிக்கிட்டு எப்படித்தான் புருஷன்கூட இருந்துச்சோ. குளிக்கிற பழக்கம் உண்டா, இல்ல நேரா சேத்துலேர்ந்து எழுந்திரிச்சு வந்திடுச்சா?"

மறுபடி சிரிப்பு. திரைக்கு மேலே ஒரு கை போனைத் தூக்கிப் பிடித்தது. பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

திரைக்கு இந்தப் பக்கம் பூவம்மாள் கூரை விளக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காது மடலுக்குள் போனது. துடைத்துக்கொள்ள முடியாது. ஒரு கையில் மருந்து இறங்குகிறது, மற்ற கையில் ரத்த அழுத்தப் பட்டை. அவள் சுடர்விழியின் பக்கம் முகத்தைத் திருப்பி, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நல்லாத் தேய்ச்சுக் குளிச்சுட்டுத்தாம்மா வந்தேன். காலையில ரெண்டு தடவ குளிச்சேன்."

மானிட்டரில் இதயத் துடிப்பு விறுவிறுவென்று ஏறியது. சத்தம் கேட்டுக் கலைமகள் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்ன சுடர், பல்ஸ் ஏறுது? முழிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுக் கிடக்குது பாரு. எதையாவது குடுத்து அதைத் தூங்க வை."

தூக்க மருந்து ஊசியில் ஏற்றித் தயாராகத் தட்டில் இருந்தது. பயந்து நடுங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் கொடுப்பது வழக்கம்தான். கையும் வழக்கப்படி அதை எடுத்துவிட்டது. எடுத்த கை பாதியில் நின்றது.

பேசுகிற வாய் பேசிக்கொண்டே இருக்கும். கேட்கிற காதை மட்டும் சுடர்விழி மரத்துப்போகச் செய்ய வேண்டும். இதற்கா படித்தோம் என்று தோன்றிய கணம் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. பூச்சி மருந்து வாந்தியில் வராத குமட்டல். முகக்கவசத்துக்குள் வாயில் புளிநீர் ஊறியது. அந்தச் சிரிப்பு, 'அது' என்ற அந்தச் சொல், தூக்கிப் பிடித்த அந்தப் போன், எல்லாம் பிசுபிசுவென்று தன் மேலும் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"மேடம், இவங்க முழிச்சிருக்காங்க."

"தெரியுதுல்ல? அதான் தூங்க வைங்கறேன்."

"இவங்களுக்குத் தூக்க மருந்து தேவையில்ல. நீங்க பேச்சை நிறுத்தினா போதும்."

கால்மாட்டில் சிரிப்பு அடங்கியது. கலைமகள் நிமிர்ந்தார். "என்ன சொன்னே?"

"போன் வச்சிருக்கவங்க எடுத்த படத்தை என் கண்ணு முன்னாடி அழிச்சுட்டு வெளிய போகணும். இங்க வேலையில்லாதவங்களும் போகணும். அதுக்கப்புறம் ஆரம்பிக்கலாம்."

"யாருகிட்டப் பேசுறேன்னு தெரியுதா? நான் வேலை செய்ய வந்திருக்கேன். ஊசி போட்டதோட உன் வேலை முடிஞ்சுது, உக்காரு."

"முடியல மேடம். நீங்க இன்னும் கத்தி வைக்கல. ஆரம்பிக்கலாம்னு நான் சொல்லணும். சொல்ல மாட்டேன்."

அப்படி நின்றார்கள் இருவரும், நடுவில் ஒரு பச்சைத் துணி. தாதி வைரக்கண்ணு தட்டில் இருந்த கத்தரிகளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். முதுகு ஊசியின் வேகம் காத்துக்கொண்டிருக்காது. அது கலைமகளுக்கும் தெரியும். கடைசியில் அவர்தான் மாணவர்கள் பக்கம் திரும்பி, "போங்க வெளிய" என்று சீறினார். படம் எடுத்த பையன் சூர்யபிரகாஷ், காது சிவக்கத் திரையைச் சுற்றி வந்து, சுடர்விழியின் முன்னால் போனை நீட்டிப் படத்தை அழித்தான். அவன் பூவம்மாளின் முகத்தை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தான். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

அறுவை ஒரு வார்த்தைப் பேச்சில்லாமல் நடந்தது. கை எப்போதும்போலப் பிசகில்லாமல் வேலை செய்தது. பூவம்மாள் பட்டை கட்டிய கையின் விரல்களால் சுடர்விழியின் அங்கி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். முடியும்வரை விடவில்லை.

இரண்டு நாள் கழித்து வார்டில் போய்ப் பார்த்தபோது பூவம்மாள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுடர்விழி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அன்னைக்கு நடந்ததைப் பத்தி நீங்க ஒரு புகார் குடுக்கலாம்மா. நான் கூட நிக்கிறேன்."

"ஐயய்யோ, வேணாம்மா." பூவம்மாள் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "என்னன்னு எழுதுவேன்? எம் மருமவன் படிப்பாரு, ஊரு படிக்கும். அந்தம்மா கை நல்ல கை. எத்தினியோ வருஷத்துப் பாரம் எறங்கிடுச்சு. வாய்க்கு வந்ததப் பேசிட்டாங்க, விடுங்க."

அந்த 'விடுங்க' சுடர்விழிக்கு இன்னும் கசந்தது. உடம்பைச் சரிசெய்து கொடுத்ததற்குக் கூலியாக இவ்வளவையும் விழுங்கிக்கொள்ள வேண்டும் என்று பூவம்மாளாகவே முடிவு செய்துவிட்டாள். சுடர்விழியின் அம்மா ராமாயியும் மூட்டுவலி, இடுப்புவலி என்று சொல்வாளே தவிர, பெற்ற மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பாள். "அங்க அவுக்கச் சொல்லுவாங்க" என்பாள். அதை அறியாமை என்று சுடர்விழி எத்தனையோ தடவை கடிந்திருக்கிறாள். இனி அப்படிக் கடிய முடியாது.

கலைமகள் விடவில்லை. அறுவைக்குச் சுடர்விழி இடைஞ்சல் செய்தாள், நோயாளியின் உயிரோடு விளையாடினாள் என்று கல்லூரி முதல்வரிடம் முறையிட்டார். சஃபியா சுடர்விழியைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் கலைமகளும் இருந்தார்.

"ஒரு வருத்தம் தெரிவிச்சுடு சுடர். விஷயம் இதோட முடிஞ்சுடும்" என்றார் சஃபியா, மேசையைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு வருத்தம் மேடம்?"

கலைமகள் குறுக்கிட்டார். "நாள் பூரா ரத்தத்துலயும் அழுக்குலயும் நிக்கிறவங்க நாலு வார்த்தை சிரிச்சுப் பேசுவோம். அது ஒரு வடிகால். உனக்கென்ன, தலைமாட்டுல உக்காந்துக்கிட்டு மானிட்டரைப் பாக்கிற வேலை. அந்தப் பொம்பளையே ஒண்ணும் சொல்லல. உனக்கு எங்க வலிக்குது?"

"நீங்க பேசினப்ப அவங்க முகம் உங்களுக்குத் தெரியல மேடம். எனக்குத் தெரிஞ்சுது."

"நான் அவ உயிரைக் காப்பாத்தினேன்."

"காப்பாத்தினீங்க. அதுக்காக அவங்க மேல துப்பலாமா?"

சஃபியா "போதும் சுடர்" என்றார். சுடர்விழி வருத்தம் தெரிவிக்கவில்லை. அடுத்த வாரமே அவளைத் தியேட்டரிலிருந்து எடுத்து வலி நிவாரணப் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. 'உன் அனுபவம் அங்கே தேவைப்படுகிறது' என்றார்கள்.

நாற்பதாம் ஆண்டு விழா வந்தது. கலையரங்கத்தில் வாழைமரம் கட்டி, குத்துவிளக்கு ஏற்றினார்கள். மலரைப் பிரித்துப் பார்த்தாள் சுடர்விழி. வரலாறு பாதியாகக் குறுகியிருந்தது. பஞ்சநதம் நோயாளியின் காதோடு பேசிய பகுதி இல்லை. அந்த இடத்தில் அறக்கட்டளை உறுப்பினர்களின் படங்கள் இருந்தன. வாழ்த்துரை வழங்க அழைத்திருந்தது டாக்டர் கலைமகளை. அரக்குப் பட்டில் மேடையேறிய அவர் கனிந்த குரலில் பேசினார்.

"மருந்துக்கு முன்னால் நம் அன்பான சொல்தான் நோயாளிக்கு முதல் சிகிச்சை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த மயக்கவியல் துறை."

அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் மாணவர்கள், கால்மாட்டில் நின்று சிரித்த அதே பிள்ளைகள், எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். சுடர்விழியின் வாயில் அப்போதுதான் போட்ட அசோகா அல்வா இருந்தது. நெய்யும் இனிப்பும் நாக்கில் கொழகொழவென்று பரவ, விழுங்க முடியவில்லை. காகிதத்தில் துப்பி மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வாகன நிறுத்தத்தில் வேப்பமரத்தடியில் நின்று தண்ணீர்ப் பாட்டில் காலியாகும்வரை வாயைக் கொப்பளித்தாள்.

சஃபியா பின்னாலேயே வந்தார்.

"நான் அன்னைக்கு உன் பக்கம் நின்னிருக்கணும்."

"ஆமா மேடம்" என்றாள் சுடர்விழி. 'பரவாயில்லை' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சஃபியா அரங்கத்துக்குத் திரும்பிப் போனார். அந்த மாதக் கடைசியில் துறையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தியேட்டருக்குள் யாரும் போன் கொண்டுவரக் கூடாது. முதுகு ஊசி போட்ட ஒவ்வொரு நோயாளிக்கும், கத்தி வைப்பதற்கு முன்னால், மயக்க மருத்துவர் எல்லாருக்கும் கேட்கும்படி "நோயாளி விழித்திருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். முதலில் அதைக் கேலிக்கூத்தாக்கினார்கள். ரயில் நிலைய அறிவிப்புபோல இழுத்துச் சொன்னார்கள் சிலர். தாமதமாக வரும் ஆளைப் பார்த்து, "நோயாளி விழித்திருக்கிறார்" என்று கண்ணடித்தார்கள். இருந்தாலும் போன்கள் வெளியே நின்றன. பேச்சும் கொஞ்சம் குறைந்தது. மனம் மாறிக் குறைந்ததல்ல, மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் குறைந்தது. அது சுடர்விழிக்குத் தெரியும்.

தியேட்டரில் ஆள் பற்றாமல் போய் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் கலைமகள் தன் பிரிவுக்குத் தலைவியாகிவிட்டார்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வேறோர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று ரத்தப்போக்கு நிற்காத இளம்பெண் ஒருத்தியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வெள்ளைக் காகிதம்போல் இருந்தாள். தியேட்டரில் இருந்தது கலைமகளும் சுடர்விழியும். வேறு ஆளைத் தேட நேரமில்லை. ஒருத்தி உள்ளே கட்டிக்கொண்டே போக, மற்றவள் ரத்தத்தை ஏற்றி, சரிந்துகொண்டிருந்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தினாள். ஒரு கட்டத்தில் நாடியே கிடைக்கவில்லை. கலைமகள் கையை உள்ளே வைத்து ரத்தக் குழாயை அழுத்திப் பிடித்தபடி, "சொல்லு, சொல்லு" என்று கத்தினார். "வருது மேடம். பிடிச்சுக்கங்க, விடாதீங்க" என்றாள் சுடர்விழி. பெண் பிழைத்துக்கொண்டாள்.

கை கழுவும் இடத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கலைமகளின் முழங்கைவரை ரத்தம். கண்ணோரம் சோர்ந்து வயது தெரிந்தது.

"இன்னைக்கு நீ இல்லன்னா அந்தப் பொண்ணு போயிருக்கும்" என்றார்.

"நீங்க இல்லன்னாலும்தான் மேடம்."

அது உபசாரத்துக்குச் சொன்னதல்ல. கலைமகள் சிரித்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சுடர்விழியின் தோளைத் தட்ட நீட்டினார். சுடர்விழிக்குத் தெரியாமலே அவள் உடம்பு அரையடி விலகியது. நீட்டிய கை அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கியது.

"இன்னுமா அதை மனசுல வச்சிருக்கே?"

சுடர்விழி குழாயை மூடினாள். "ஆமா மேடம்."

உள்ளே அந்தப் பெண்ணுக்கு மயக்கம் தெளியும் நேரம் நெருங்கியிருந்தது. கண் விழித்ததும் குழந்தையைக் கேட்பாள். சுடர்விழி அவள் தலைமாட்டுக்குப் போனாள்.